பழங்கால வானமும் கணினிக் கணக்கும்

(சங்கராபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வானத்தைத் திரையில் விரித்துக் காட்டும் மென்பொருள்கள் இன்று கிராமத்து மாணவனின் கைத்தொலைபேசிக்கும் வந்து சேர்ந்துவிட்டன. இடம் சங்கராபுரம் என்றும், காலம் ஆண்டாள் நாச்சியாரின் காலம் என்றும், இன்னும் துணிந்தால் கலியுகத்தின் தொடக்கம் என்றும் கட்டளையிட்ட மாத்திரத்தில், அந்த இரவின் நக்ஷத்திரங்களும் கிரகங்களும் நம் கண்முன் தோன்றுகின்றன. அவ்வாறு தோன்றும் வியாழனும் சனியும் சந்திரனும் அக்காலத்தில் மெய்யாகவே அந்தந்த இடத்தில்தான் நின்றனவா, அந்தக் காட்சியை ஆதாரமாகக் கொண்டு நம் இலக்கியங்களுக்கும் அரசர்களுக்கும் காலம் வரையறுக்கலாமா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். என் முடிபை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சரித்திர காலத்தைப் பொறுத்தவரை, கிரகங்களின் ஸ்தானத்தில் ஐயம் கொள்வதற்கு இடம் மிகவும் குறைவு. ஐயம் கொள்ள வேண்டிய இடங்கள் வேறு சில உள்ளன. அவற்றுள் தலையாயது, நம் காலடியில் சுழன்றுகொண்டிருக்கும் இந்தப் பூமிதான்.

கணினி என்னும் சொல்லே பிறவாத காலத்தில் இந்தத் துறைக்குத் தம் வாழ்நாளை அர்ப்பணித்த ஒரு மாமேதையைத் தமிழ்நாடு பெற்றிருந்தது. 1865-இல் பிறந்து 1925-இல் மறைந்த லூயிஸ் டொமினிக் சுவாமிக்கண்ணுப் பிள்ளை அவர்கள், சென்னைச் சட்டசபையின் தலைவர் பதவி வரை உயர்ந்த உத்தியோக வாழ்க்கைக்கு இடையிலே, கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் உரிய கிழமை, திதி, நக்ஷத்திரம் ஆகியவற்றைக் கணித்து, 'இந்தியன் எபிமெரிஸ்' என்னும் பெயரால் பல பாகங்களாக 1922-இல் வெளியிட்டார். கல்வெட்டு ஆராய்ச்சியாளர் எவருடைய மேசையிலும் அந்தப் பெருநூல் இன்றளவும் இருக்கும். சிலப்பதிகாரத்தில் மதுரை தீப்பற்றிய நாளுக்கு ஆடி மாதம், தேய்பிறை அஷ்டமி, கார்த்திகை நக்ஷத்திரம், வெள்ளிக்கிழமை என்று சொல்லப்படும் குறிப்புகளை எடுத்துக்கொண்டு, அது கி.பி. 756, ஜூலை 23 என்று அவர் கணித்தார். கிரகங்கள் நின்ற ராசிகளை வரிசையாகக் கூறும் பரிபாடலின் 11-ஆம் பாடலுக்கு, கி.பி. 634, ஜூன் 17 என்று நாள் குறித்தார். இந்த இரண்டு முடிவுகளையும் இன்றைய ஆராய்ச்சியாளர் பலர் ஏற்பதில்லை. ஆயினும், அவர் செய்த கணக்கில் பிழை கண்டு அவற்றை மறுத்தவர் அரிது. கணக்குக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றிலேதான் மறுப்பு எழுந்தது. இந்தப் பேதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

முதலில், கணிதம் எவ்வளவு துல்லியமானது என்பதைப் பார்ப்போம். 1769-ஆம் ஆண்டில் வெள்ளி சூரிய பிம்பத்தின் குறுக்கே கடந்த சுக்கிர சங்கிரமணத்தைக் காண்பதற்காகப் புதுச்சேரியில் வந்து தங்கி, மேகத்தினால் அதனைக் காணப்பெறாமல் போன லெ ஜான்டில் என்னும் பிரெஞ்சு வானநூலார், அங்கிருந்த காலத்தில் நம்மவரிடம் கிரகண கணிதம் கற்றார். 1765 ஆகஸ்டு 30-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைவாகவும், ஐரோப்பாவில் மிகச் சிறந்ததாகக் கருதப்பட்ட டோபியாஸ் மேயரின் பட்டியல் 68 வினாடி மிகுதியாகவும் காட்டின என்று அவரே எழுதிவைத்தார். அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1825-இல் 'கால சங்கலித' என்னும் நூலை வெளியிட்ட ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, பட்டியல்களை எல்லாம் மனப்பாடமாகவே நினைவிலிருந்து எடுத்து, காகிதத்தில் ஓர் எண்ணும் எழுதாமல், அந்த ஆண்டு மே 31-இல் நேரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை நேரில் கண்டு பதிவு செய்தார். தொடக்கத்தில் 4 நிமிஷம், மத்தியில் 23 நிமிஷம், முடிவில் 52 நிமிஷம் என்பது அந்தக் கணிதரின் கணக்குக்கும் உண்மைக்கும் இருந்த வேறுபாடு. தொலைநோக்கி இல்லாமல், பல நூற்றாண்டுகளுக்கு முன் வகுத்த, வாக்கியங்கள் என்னும் கணிதக் குறிப்புகளை மட்டுமே நம்பி, சோழிகளை நகர்த்தி இவ்வளவு அருகில் வந்த அந்தப் புத்தியை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

எனினும், பழைய கணிதத்தில் ஆண்டுதோறும் சேரும் சிறு பிழை, நூற்றாண்டுகள் செல்லச் செல்லப் பெரும் பிழையாகத் திரண்டுவிடும் என்பதற்கு நீங்கள் எல்லோரும் அறிந்த சாக்ஷி ஒன்று உண்டு. இன்றைய கணிதத்தைக் கொண்ட திருக்கணித பஞ்சாங்கத்தின்படி 2023 ஜனவரி 17-இல் நிகழ்ந்த சனிப்பெயர்ச்சி, அந்தப் பழைய வாக்கியங்களையே கொண்ட வாக்கிய பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் அதே ஆண்டு டிசம்பர் 20-இல் கொண்டாடப்பட்டது. அந்த டிசம்பர் நாளில் திருக்கணிதத்தின் சனி கும்ப ராசிக்குள் ஏறத்தாழ எட்டுப் பாகை சென்றுவிட்டான். ராசிச் சக்கரத்தின் தொடக்கத்தை எங்கே கொள்வது என்னும் அயனாம்ச வேற்றுமையை ஓரளவு கழித்தாலும், பூரண சந்திர பிம்பங்கள் பத்துக்கு மேல் வரிசையாக வைத்தாலன்றி நிரம்பாத இடைவெளி அது.

இன்றைய மென்பொருள்களின் நிலை வேறு. உலகெங்கும் இலவசமாகப் பரவியிருக்கும் ஸ்டெல்லேரியம், பாரிஸ் நகரத்துப் பிரெத்தாஞோன், பிராங்கூ என்னும் இருவர் 1987-இல் அமைத்த கணிதக் கோவையைக் கிரகங்களுக்குப் பயன்படுத்துகிறது. புதன் முதல் செவ்வாய் வரையிலான கிரகங்களுக்கு 2000-ஆம் ஆண்டிலிருந்து முன்னும் பின்னும் 4000 ஆண்டுகள் வரையிலும், வியாழனுக்கும் சனிக்கும் 2000 ஆண்டுகள் வரையிலும், ஒரு விகலை அளவு துல்லியத்தை அதன் ஆசிரியர்கள் உறுதி கூறியிருக்கிறார்கள். விகலை என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு; கூரிய கண்ணுடைய மனிதன் வெறுங்கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளியோ ஒரு கலை, அதாவது 60 விகலை. கோவையின் எல்லைக்கு அப்பால் செல்ல விரும்புவோர், அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகம் கி.மு. 13,200 அளவிலிருந்து கி.பி. 17,191 வரைக்கும் கணித்து வைத்துள்ள டி.இ. 431 என்னும் பெருந்தொகுப்பைத் தனியே இறக்கி இணைத்துக்கொள்ளலாம். வியாழனும் சனியும் ஒன்றையொன்று இழுத்து, ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வரும் மாறுபாட்டைத் தம் கதியிலே உண்டாக்கிக்கொள்வதை 1785-இல் லாப்லாஸ் கண்டறிந்த பிறகே, தொன்மையான காலத்துக்கு அவ்விரு கிரகங்களையும் நம்பிக்கையோடு பின்னோக்கிச் செலுத்த முடிந்தது. ஆகவே, கடைச்சங்க காலத்திலோ பல்லவர் காலத்திலோ வியாழன் எந்த நக்ஷத்திரத்தின் அருகில் நின்றான் என்று கேட்டால், திரை தரும் விடையை அப்படியே ஏற்கலாம். அந்த விடையின் பிழை எந்தப் புலவரின் கண்ணுக்கும் புலப்பட்டிராது.

நக்ஷத்திரங்களின் பின்னணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூமியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுகளில் ஒரு சுற்று சுழல்வதால், பகலும் இரவும் சமமாகும் நாளில் சூரியன் நிற்கும் விஷுவப் புள்ளி 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் பின்வாங்குகிறது. இந்தப் பின்வாங்கலைக் கணிக்க முன்பு வழங்கிய சூத்திரங்கள் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் தடம்புரண்டன. வொன்ட்ராக், கேப்பிடேன், வாலஸ் என்னும் மூவர் 2011-இல் அளித்த நீண்டகாலச் சூத்திரம் அந்தக் குறையை நீக்கியது. பழைய பதிப்பு மென்பொருளை வைத்துக்கொண்டு வேத காலத்தை ஆராய்பவர்கள் முதலில் புதிய பதிப்புக்கு மாறிக்கொள்வது நலம்.

இனிப் பூமிக்கு வருவோம். சந்திரன் எழுப்பும் கடல் வற்றுப் பெருக்கின் உராய்வினால் பூமியின் சுழற்சி மெல்ல மெல்லத் தளர்கிறது. அதன் எதிர்விளைவாகச் சந்திரனும் ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் வீதம் நம்மைவிட்டு விலகுகிறது. 1969-இல் அப்பல்லோ வீரர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளின் மேல் லேசர் ஒளியைச் செலுத்தி இதனை அளந்திருக்கிறார்கள். ஒரு நூற்றாண்டில் நாளின் நீளம் கூடுவது ஒரு வினாடியை ஆயிரம் கூறிட்டால் அதில் ஒரு கூறு, இரண்டு கூறு என்ற அற்ப அளவே. ஆனால், தினமும் சிறிது தாமதிக்கும் கடிகாரத்தைப் பல நூற்றாண்டுகள் சரிசெய்யாமல் ஓடவிட்டால் என்ன ஆகும்? இயேசுநாதர் பிறந்த காலத்தை ஒட்டி, ஒரே சீராக ஓடும் கணிதக் காலத்துக்கும் பூமியின் சுழற்சி காட்டும் காலத்துக்கும் ஏற்பட்டிருந்த வேறுபாடு ஏறக்குறைய 10,580 வினாடி. ஏறத்தாழ மூன்று மணி நேரம்! கி.பி. 500-இல் அது ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். முதலாம் இராஜராஜனின் காலத்தில் ஏறத்தாழ 26 நிமிஷம்.

இதனால் வியாழனுக்கு நேரும் பேதம் மிகச் சொற்பம். மூன்று மணி நேரத்தில் அவன் இரண்டு கலை கூட நகர்வதில்லை. ஆனால் சந்திரனோ மணிக்கு அரைப் பாகை, அதாவது தன் பிம்பத்தின் அகலம் அளவு, நகர்பவன். மூன்று மணி நேரத்தில் மூன்று பிம்பம் கடந்துவிடுவான். ஒரு திதி எப்பொழுது முடிந்தது, கிரகணம் எந்த நாட்டில் தெரிந்தது, கிரகணத்தின்போது சூரியன் உச்சியில் நின்றதா அடிவானத்தில் நின்றதா என்னும் வினாக்களுக்கு எல்லாம் இந்த ஒரு திருத்தமே உயிர்நாடி.

இந்தத் திருத்தத்தை எங்கிருந்து பெற்றார்கள் என்பதுதான் இந்தச் சொற்பொழிவு முழுவதிலும் நான் மிகவும் போற்றும் செய்தி. எந்தக் கணிதக் கோவையிலிருந்தும் இதனை வருவிக்க முடியாது. பண்டைக்கால மனிதர் கண்ணால் கண்டு எழுதிவைத்த குறிப்புகளே இதற்கு மூலம். கி.மு. 136, ஏப்ரல் 15-இல் பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம் நேர்ந்தபோது, அந்நகரத்து வானநூலார் நண்பகலுக்கு முன் இருள் சூழ்ந்ததையும், வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய் என்னும் கிரகங்கள் பகலிலே தென்பட்டதையும் ஈரக் களிமண் பலகையில் ஆப்பு எழுத்துகளால் பொறித்துவைத்தார்கள். அந்தப் பலகை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூமி எப்பொழுதும் இன்றைய வேகத்திலேயே சுழன்றது என்று கொண்டு கணக்கிட்டால், அந்தக் கிரகணத்தின் நிழல் பாபிலோனைத் தொடாமல், 48 பாகைக்கு மேல் மேற்கே விலகி, ஸ்பெயினை அடுத்த மயோர்க்காத் தீவின் மேல் சென்றிருக்க வேண்டும். பாபிலோனியர் கண்டது மெய். ஆகவே பூமி தளர்ந்ததும் மெய். இவ்வாறு பாபிலோனியர், சீனர், கிரேக்கர், அராபியர் விட்டுச்சென்ற நூற்றுக்கணக்கான குறிப்புகளைச் சேர்த்து, ஸ்டீபன்சன், மாரிசன், ஹோஹன்கெர்க் என்னும் மூவர் கி.மு. 720 முதல் நம் காலம் வரைக்கும் ஒரு வளைகோட்டை 2016-இல் வரைந்தளித்தார்கள். அவர்களும் அவர்களுக்கு முன்னோரும் வகுத்த இத்தகைய வளைகோடுகளே இன்றைய மென்பொருள்களுக்குள் அடங்கியிருக்கின்றன. கணினியைக் கொண்டு முன்னோரின் சொல்லைச் சோதிக்கிறோம் என்று நாம் எண்ணுகிறோம். அந்தக் கணினிக்குக் காலம் கற்பித்ததே முன்னோரின் சொல்தான்.

கி.மு. 720-க்கு முன்பு அத்தகைய நம்பத்தக்க குறிப்புகள் இல்லை. அதற்கு அப்பால் சூத்திரத்தை நீட்டிக்கொண்டே போனால், கி.மு. 3000 அளவில் வேறுபாடு இருபது மணி நேரத்தைக் கடந்துவிடுகிறது. அந்த இருபதில் எவ்வளவு மெய், எவ்வளவு ஊகம் என்பதைச் சோதிக்க வழியில்லை. பாரதப் போர்க் காலத்தில் குருக்ஷேத்திரத்தில் கிரகணம் சூரியோதயத்தில் தெரிந்ததா, மாலையில் தெரிந்ததா என்று திரையைக் காட்டி வாதிடுவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆண்டுக் கணக்கிலும் இரண்டு பொறிகள் உண்டு. சரித்திர நூல்களில் கி.மு. 1-ஐ அடுத்து கி.பி. 1 வரும், வானநூலாரோ இடையிலே பூஜ்ய ஆண்டு ஒன்றை வைத்துக்கொள்வர். கலியுகம் தொடங்கியதாகச் சொல்லப்படும் கி.மு. 3102-ஐக் காண வேண்டுமானால் மென்பொருளில் −3101 என்றே இட வேண்டும். −3102 என்று இட்டால் ஓர் ஆண்டு தவறி, வியாழன் ஒரு ராசி முழுவதும் தள்ளிப்போவான். 1582-இல் போப் கிரகோரி செய்த திருத்தத்துக்கு முன்பு ஜூலியன் நாட்காட்டியே வழங்கியது என்பது மற்றொன்று. கி.பி. 756-இல் இரண்டு நாட்காட்டிக்கும் நான்கு நாள் வேற்றுமை, அந்த நான்கு நாளில் சந்திரன் ஏறக்குறைய நான்கு நக்ஷத்திரம் கடந்திருப்பான், கிழமையும் பொருந்தாது.

இனி அடிவானத்தைப் பற்றி. உங்கள் ஊருக்கு மேற்கே கல்வராயன் மலைத்தொடர் நிற்கிறது. பஞ்சாங்கத்தில் குறித்த அஸ்தமன நேரத்துக்கு முன்பே இங்கே சூரியன் மலைக்குப் பின்னால் மறைந்துவிடுவதை நீங்கள் அன்றாடம் காண்கிறீர்கள். இருபது கிலோமீட்டர் தொலைவில், சமவெளியிலிருந்து எழுநூறு மீட்டர் உயர்ந்த ஒரு சிகரம், அடிவானத்தை இரண்டு பாகை உயர்த்திவிடும். அந்த இரண்டு பாகையைக் கடக்கச் சூரியனுக்கு எட்டு நிமிஷம் தேவை. மென்பொருளோ, நாம் வேறு கட்டளை இடாத வரையில், எந்த ஊரையும் கடல்போலத் தட்டையான வெளியாகவே கொள்கிறது.

இதனை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பொருத்திப் பாருங்கள். திருப்பாவையின் 13-ஆம் பாசுரத்தில், மார்கழி விடியலுக்கு முன் வெள்ளி உதயமாகி வியாழன் மறைந்த செய்தியை ஆண்டாள் சொல்லுகிறாள். அறிஞர் மு. இராகவையங்கார் இதனை அகச்சான்றாகக் கொண்டு, கி.பி. 731-ஆம் ஆண்டு டிசம்பர் 18 என்னும் நாளை எடுத்துரைத்தார். அந்த நாளைக் கணித்துப் பார்த்தால், சூரியனுக்கு மேற்கே நாற்பது பாகைக்குச் சற்று மேல் விலகிய வெள்ளி, விடிவதற்கு வெகு நேரம் முன்பே கிழக்கில் உதிக்கிறது. அப்பொழுது வியாழன் மேற்கு அடிவானத்தைச் சில பாகை உயரத்தில் நெருங்கி நிற்கிறான். தட்டையான வெளியில் அவன் மறைய இன்னும் சிறிது நேரம் வேண்டும்; ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரின் மேற்கே நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை! வியாழன் அந்த மலைக்குப் பின்னால் முன்னதாகவே போய்விடுவான். ஐயங்காரின் கணிப்புக்கு இது அனுகூலமே ஆகும்.

ஆனால் இத்துடன் வழக்கு முடிந்துவிடவில்லை. எட்டு ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளி அதே பருவத்தில் ஏறத்தாழ அதே நிலைக்கு மீளும். வியாழன் சுமார் பன்னிரண்டு ஆண்டில் ஒரு சுற்று வருவான். ஆகவே இருபத்துநான்கு ஆண்டுகளில் இருவரும் ஏறக்குறைய பழைய இடத்தில் சந்திக்கிறார்கள். வியாழன் மட்டும் எட்டுப் பாகை அளவு முன்னே சென்றிருப்பான். கி.பி. 707 மார்கழியைக் கணித்தால், வெள்ளி எழுவதற்குச் சற்று முன்பே வியாழன் மறைந்துவிடுகிறான். பாசுரத்தின் செய்திக்கு அது 731-ஐவிட நெருக்கம் என்று கூடச் சொல்லலாம். 755-இலும், வெள்ளி நன்றாக மேலே ஏறிய பிறகு, பொழுது புலருமுன் வியாழன் மறைகிறான். இந்த மூன்றில் எது ஆண்டாளின் விடியல் என்று கிரக கணிதம் தீர்ப்புச் சொல்லாது. பாசுரத்தின் பொருளை உரையாசிரியர்கள் எப்படிக் கொண்டார்கள், ஆண்டாளை வளர்த்த பெரியாழ்வாரின் காலத்துக்கு உரிய மற்றச் சான்றுகள் யாவை என்று தமிழறிந்தவர்களே ஆராய்ந்து முடிக்க வேண்டும்.

சிலப்பதிகாரத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். ஆடித் தேய்பிறை அஷ்டமியும் கார்த்திகையும் வெள்ளிக்கிழமையும் கூடும் நாள், ஒரு நூற்றாண்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வரத்தக்கது. எட்டாம் நூற்றாண்டில் தேடி 756-ஐக் கண்டவர் சுவாமிக்கண்ணுப் பிள்ளை. இரண்டாம் நூற்றாண்டில் தேடுபவர்க்கும் ஒரு நாள் கிட்டும். பாரதப் போர் விஷயத்தில் இந்த விபரீதம் எல்லை கடந்துவிட்டது. ஒரே வானத்தை, ஒரே வகைக் கணிதத்தால் ஆராய்ந்து, கி.மு. 3067 என்று ஒரு சாராரும், கி.மு. 5561 என்று வேறொரு சாராரும் முடிவு கட்டியிருக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 2500 ஆண்டு! இந்த வேற்றுமை கணினியின் குற்றம் ஆகாது. சனி ரோகிணியைப் பீடித்தான் என்பது போன்ற கவிவாக்கியங்களை எவ்வாறு பொருள்கொள்கிறோம் என்பதில் விளைந்தது. கலியுகத் தொடக்கத்தில் கிரகங்கள் எல்லாம் மேஷ முனையில் ஒன்றுகூடின என்னும் சித்தாந்த வாக்கியத்தையும் இன்று சரிபார்க்கலாம்; அவை ஒரு புள்ளியில் கூடவில்லை, ஏறத்தாழ நாற்பது பாகை அகலத்தில் பரவி நின்றன. பின்னாளில் வந்த கணிதர்கள், தம் காலத்துக் கிரக கதிகளைக் கொண்டு பின்னோக்கிக் கணித்து அமைத்துக்கொண்ட ஆதிப்புள்ளி அது என்பதே வானநூல் சரித்திரம் கற்றோர் பலரின் கருத்து. எனக்கும் அது சம்மதமே.

இத்தனையும் சொன்னபின், உங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒரு வேலையை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூர், மலையமான்களின் தலைநகரம். இராஜராஜனைப் பெற்ற வானவன் மாதேவியார் அந்தக் குலத்தில் பிறந்தவர். அந்த ஊர்க் கோயில்களிலும் சுற்றிலுமுள்ள ஊர்களிலும் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் ஏராளம். ஆட்சியாண்டோடு கிழமையும் நக்ஷத்திரமும் திதியும் சேர்த்துப் பொறிக்கும் நம் முன்னோரின் வழக்கத்தினால் அல்லவா, இராஜராஜன் அரியணை ஏறியது கி.பி. 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையில் என்று ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன் நிர்ணயிக்க முடிந்தது! தானம் செய்த நாளைக் குறிக்கும்போது கிரகணத்தையும் கல்வெட்டுகள் சொல்வதுண்டு. பெரும்பாலும் கிரகணத்தன்று என்பதோடு நின்றுவிடுகின்றன. நாள் குறிக்க அது போதும், பூமியின் சுழற்சியை அளக்கப் போதாது. கிரகணம் பிடித்த நாழிகையையோ, சூரியன் முழுவதும் மறைந்து பகலில் விண்மீன்கள் தோன்றியதையோ கூறும் ஒரு வரி எங்கேனும் கிடைக்குமானால், அதன் மதிப்பே வேறு. பாபிலோனியரின் பலகையோடு ஒருங்கே வைத்து எண்ணத்தக்க சாக்ஷி ஆகிவிடும் அது. பள்ளி விடுமுறைகளில் மாணவர்களைக் கோயில்களுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், அச்சாகிவந்த கல்வெட்டுத் தொகுதிகளையும் கையோடு எடுத்துச் சென்று, கிரகணம் என்ற சொல் வரும் இடங்களை மட்டுமாவது பெயர்த்து எழுதச் செய்யுங்கள். ஆட்சியாண்டு, மாதம், பக்கம், கிழமை, நாழிகை என்று கல்லில் உள்ளதை உள்ளபடியே, ஐயமான எழுத்தை ஐயம் என்றே குறித்து எழுதட்டும். அதன் பிறகு மென்பொருளைத் திறந்து, திருக்கோவலூரின் அக்ஷரேகையும் தீர்க்கரேகையும் இட்டு, ஜூலியன் நாட்காட்டியில் அந்த நாளைச் சோதிக்கலாம்.